ஊசிக்காரம்மாவின் இடது கால்

ஊசிக்காரம்மாவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. விடிந்தும் விடியாததுமாகக் கதவைத் தட்டி, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிற மனிதரின் கையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்? போதாக்குறைக்கு வாய் வேறு. "காபி குடிச்சிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க. மீசையில நுரை இருக்கு. நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவாள். கெஞ்சினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஆனால் தொழிலில் அவளைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை. குண்டுக் கை, வற்றிய கை, குழந்தையின் கை, ஏழு பேர் குத்தித் தோற்றுப்போன கை, எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஒரு குத்துதான். முதலில் கையைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். தொங்கவிடச் சொல்வாள், மூடித் திறக்கச் சொல்வாள், ஒற்றை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். பார்க்கிற நேரத்தில் வாயே திறக்க மாட்டாள். அந்த இரண்டு நிமிடம்தான் அவள் சும்மா இருக்கிற நேரம் என்று ரத்தப் பரிசோதனை லேபில் கேலி பேசுவார்கள்.

அந்த லேபில்தான் சனியன் பிடித்தது. அதுவரை அவளையும் இன்னும் மூன்று பேரையும் ஒரு வேனில் ஏற்றித் தெருமுனைகளில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த மேனேஜர் வேனை நிறுத்திவிட்டார். சொந்த வண்டி உள்ளவர்கள் வீடு வீடாகப் போகலாம். இல்லாதவர்கள் அடுத்த மாதம் முதல் உள்ளே உட்கார்ந்து ட்யூப்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். நாற்பது வீடுகளில் ராஜ்ஜியம் நடத்தியவளைப் பசையும் சீட்டுமாக ஜன்னலில்லாத அறையில் உட்கார வைப்பதென்றால், அது அவளுக்குச் சிறைதான். ஸ்கூட்டர் அவளுக்கு வராது. ஒருமுறை ஓட்டிப் பார்த்து பக்கத்து வீட்டுக் கேட்டைப் பெயர்த்தெடுத்தவள் அவள்.

"உங்களுக்கு என்னம்மா கவலை? வீட்டுக்காரர் சைக்கிள் செய்யறவராச்சே" என்று மேனேஜர் சிரித்தார்.

ஊசிக்காரம்மா சிரிக்கவில்லை.

எதையும் மில்லிமீட்டரில் அளக்கிற அவள் வீட்டுக்காரரை மில்லிக்காரர் என்பார்கள். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவர் பட்டறை. ஆளை அளந்து, குழாய்களை அந்த அளவுக்கு வெட்டி, பித்தளை வைத்துப் பற்றவைத்து, அந்த ஒருவருக்கென்றே சைக்கிள் செய்து தருவார். ஆறு மாதம் ஆகும். ஆறு மாதமும் வாடிக்கையாளர் அவரிடம் திட்டு வாங்க வேண்டும். பட்டறையின் பின்சுவரில் கோடுகள் போட்ட ஒரு இடம் உண்டு. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே ஒரு பலகையைச் செருகி, அதன்மேல் ரசமட்டம் வைத்து, வலது கால் தனி, இடது கால் தனி என்று அளப்பார். தோள், கை, உள்ளங்கை, பாதம் எல்லாம் அளப்பார். எல்லாம் ஒரு அட்டையில் ஏறும். அட்டை தகர அலமாரிக்குள் போகும்.

"ரெண்டு காலும் ஒரே நீளத்துல இருக்கிற மனுஷனை நான் இன்னும் பார்க்கலை" என்பது அவர் தினமும் சொல்கிற வசனம். அதோடு விட மாட்டார். தெருவைக் கடந்து வருகிற ஆளைப் பட்டறைக்குள் இருந்தபடியே பார்த்து, "வலது கால் ஆறு மில்லி குட்டை" என்பார். அளந்து பார்த்தால் ஆறாகத்தான் இருக்கும், மிஞ்சிப்போனால் ஏழு. வந்தவர் வாயைப் பிளப்பார். மாடிப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஊசிக்காரம்மா கத்தியை இன்னும் கொஞ்சம் அழுத்தி நறுக்குவாள்.

ஏனென்றால் அவளுடைய இடது கால் பதினெட்டு மில்லி குட்டை. ஆறு வருஷமாக.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டின் மூன்றாம் மாடிப் படியில் யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ட்யூப் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கியவள் வழுக்கினாள். தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே எட்டுப் படி உருண்டாள். ஒரு ட்யூப்கூட உடையவில்லை. தொடை எலும்பு உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அந்தச் சமயம் மில்லிக்காரர் சைக்கிள் பந்தயக்காரர் ஒருவருக்காக ஒரு ஃப்ரேமை முடிக்கும் மும்முரத்தில் இருந்தார். சாயங்காலம் வருவார், கட்டிலருகே உட்காருவார், அந்த ஃப்ரேமைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். பகலெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் கிடந்தவன் அவள் தம்பி.

எலும்பு சேர்ந்த பிறகு டாக்டர்தான் சொன்னார். "இடது கால் பதினெட்டு மில்லி குறைஞ்சிருக்கு. ஷூவுக்குள்ள குதிகால்ல பன்னிரண்டு மில்லி அட்டை வெச்சுக்குங்க. முழுசையும் ஈடு கட்டினா இடுப்பு தாங்காது. மூணுல ரெண்டு பங்கு போதும்."

வீட்டுக்கு வந்த அன்றே அவள் பட்டறைக்குள் போய்ச் சொன்னாள். "இடது கால் கொஞ்சம் குட்டையாயிடுச்சாம்." மில்லிக்காரர் ஒரு இணைப்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். பிறகு, "அந்தச் சின்ன அரத்தை எடு" என்றார். அவள் ஊன்றுகோலோடு நடந்து போய் எடுத்துக் கொடுத்தாள். இனி ஒருமுறை இதை என் வாயால் சொன்னால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தவள்தான். தெருவில் போகிறவன் காலெல்லாம் தெரிகிற கண்ணுக்கு வீட்டுக்குள் நடமாடுகிற கால் தெரியாதா, பார்க்கலாம் என்று இருந்தாள். வருஷம் ஆறு ஓடிவிட்டது. கார்க் அட்டை வைத்த அவளுடைய ஷூ தினமும் அவருடைய ஷூவை ஒட்டித்தான் கிடந்தது.

வேன் நின்ற செய்தியைக் கேட்டதும் மில்லிக்காரர் பட்டறையில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லா வேலையையும் ஓரம் கட்டறேன். என் பெண்டாட்டிக்கு இருபது நாள்ல சைக்கிள்."

வாடிக்கையாளர்கள் கை தட்டினார்கள். அவளுக்கும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிமிடம் மனசு குளிர்ந்துவிட்டது. சைக்கிள் செய்ய வேண்டுமென்றால் அளக்க வேண்டும். அளந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்த 'ம்'மையும் அரத்தையும் அன்றோடு மறந்துவிடலாம் என்று உண்மையாகவே முடிவு செய்தாள். கால் கழுவிக்கொண்டு வந்துகூட நின்றாள்.

"அளவு எடுக்கலையா?"

"உன் அளவா?" மில்லிக்காரர் சிரித்தார். "உன் அளவு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும்." வலது கால் எழுநூற்று அறுபத்து நாலு, இடது கால் எழுநூற்று அறுபத்திரண்டு என்று ஆரம்பித்து உள்ளங்கை வரைக்கும் ஒப்பித்தார். கூடவே தகர அலமாரியிலிருந்து பழுப்பேறிய அட்டையை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. சதை ஏறும், இறங்கும். எலும்பு மாறுமா சொல்லுங்க?"

அந்த அட்டைக்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சைக்கிள் செய்துகொள்ள வந்தவள்தான் அவள். அளவெடுத்தார். நான்கு நாள் கழித்து, கை அளவு சரியில்லை, மறுபடி வாருங்கள் என்று ஆளனுப்பினார். வந்தாள். மறுவாரம் தோள் அளவில் சந்தேகம் என்றார். மூன்றாவது தடவை வந்தவள், "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள். கல்யாணம் ஆனது. அந்தச் சைக்கிளைப் பதினான்கு வருஷம் ஓட்டினாள். வேன் வந்த பிறகு அது பூட்டாமல் வாசலில் கிடந்து களவு போனது. மகளுக்கும் வளர வளர ஐந்து சைக்கிள் செய்தார்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளைச் சுவரில் நிறுத்தி அளந்தார். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது ஐந்தையும் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

எதிர்வரிசையில் தம்பியின் கடை. ஃப்ரேம் ஒரு பெட்டியில், சக்கரம் ஒரு பெட்டியில், பெடல் ஒரு பெட்டியில் என்று ஆயிரக்கணக்கில் எங்கோ அச்சடித்தாற்போல் செய்து வருகிற பாகங்களை வாங்கிப் பூட்டி விற்பவன். மில்லிக்காரர் அதைப் பெட்டிக்கடை என்பார். தம்பி பட்டறையைத் தையல்கடை என்பான். மில்லிக்காரர் தன் வாசலில் 'உங்கள் உடம்புக்கு ஒரு சைக்கிள்' என்று பலகை மாட்டிய மறுநாள், தம்பி தன் வாசலில் 'அளவு வேண்டாம், ஏறி உட்காருங்கள்' என்று அதைவிடப் பெரிய பலகை மாட்டினான். மாமனும் மச்சானும் நேருக்கு நேர் பேசி நாலு வருஷம். பேச வேண்டியது இருந்தால் அவரவர் வாசலில் நின்று தெருவுக்குச் சொல்வார்கள். நல்ல சண்டைக்காரர்கள் என்றால் அடித்துக்கொண்டாவது ஓய்வார்கள். இவர்கள் இரண்டு பேரும் வாயாலேயே வாழ்கிற ஜென்மங்கள்.

"அளந்தாராக்கா?" என்று தம்பி கேட்டான்.

"இல்லை."

"நீ சொல்லித் தொலை. இல்லேன்னா நான் சொல்றேன். ஊருக்கெல்லாம் கால் ஜோசியம் பார்க்கிறவருக்குப் பெண்டாட்டி கால் தெரியலைன்னு நடுத்தெருவுல நின்னு சொல்றேன்."

"நீ வாயைத் திறந்து பாரு. அப்புறம் உன் கடைப் பக்கம் காறித் துப்பக்கூட வரமாட்டேன்."

தம்பி அடங்கினான். அவனுக்கு அக்காவிடம் பாசமும் உண்டு, பயமும் உண்டு. மாமாவின் மூக்கை உடைக்க வேண்டும் என்கிற ஆசை இரண்டையும்விட அதிகம். அது அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவனையும் அவள் நம்பவில்லை.

பட்டறையில் குழாய் வெட்டும் சத்தம் தொடங்கியது. ஒரு நாள் மத்தியானம் அவள் வேண்டுமென்றே வெறுங்காலோடு போய், கோடுகள் போட்ட சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். ஷூவும் கார்க் அட்டையும் இல்லாமல் நின்றால் அவள் இடுப்பு இடப்பக்கம் சாயும். கண்ணிருக்கிறவனுக்குப் போதும். மில்லிக்காரர் நிமிர்ந்தார். அவளையே பார்த்தார்.

"தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிறே" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் மேலே வந்து அவளுடைய ஐஸ் பெட்டியைக் கேட்டார். ரத்த ட்யூப்கள் சூடாகாமல் எடுத்துப்போகிற பிளாஸ்டிக் பெட்டி அது. அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து வெர்னியர் அளவியால் நீளம், அகலம், உயரம் அளந்தார். பிளாஸ்டிக் ஒரு பக்கம் வீங்கியிருக்கலாம் என்று மறுபடியும் அளந்தார். மூலைகளின் வளைவை அளந்தார். ஊசிக்காரம்மா எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதரை அவள் அவ்வளவு வெறுத்ததில்லை.

சொன்னபடி இருபதாம் நாள் சைக்கிள் வந்தது. அழகில் குறை சொல்லக் கூடாது. களவு போன பழைய சைக்கிளின் அதே கரும்பச்சை. பற்றவைத்த இடம் எதுவென்று விரலால் தேடினாலும் கிடைக்காது. பின்னால் ஐஸ் பெட்டிக்கு ஒரு கூடு. பெட்டியை வைத்தால் க்ளிக் என்று உட்கார்ந்தது, ஒரு நூல் அசையவில்லை. வாடிக்கையாளர்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அவள் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். கை தட்டினார்கள். மில்லிக்காரர் எதிர்க்கடையைப் பார்த்து, "இதைப் பெட்டிக்குள்ள தேடினா கிடைக்காது" என்று தெருவுக்குச் சொன்னார்.

முதல் நாள் இருபது வீடு. இடது பெடல் கீழே போகும்போதெல்லாம் கால் எட்டாமல் இடுப்பு அதன் பின்னாலேயே இறங்கியது. ஷூவுக்குள் இருக்கிற அட்டை குதிகாலுக்குத்தான். பெடலை மிதிப்பதோ முன்பாதத்தால். அட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மூன்றாம் நாள் இடுப்பில் தொடங்கிய வலி முதுகுக்கு ஏறியது. ஐந்தாம் நாள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டில், குனிந்து அவர் கையை மடியில் வைத்தபோது முதுகு சுளீர் என்று இழுத்தது. குத்தினாள். ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினாள். வரவில்லை. மூன்றாவது குத்தில்தான் வந்தது.

"என்னம்மா, உனக்குக்கூட மூணு தடவையா?" என்றார் வாத்தியார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. படியிறங்கி வந்து, அந்த அழகான பச்சைச் சைக்கிளின் முன்சக்கரத்தை ஷூக்காலால் ஓங்கி உதைத்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுததற்கும் அவரைத்தான் திட்டினாள்.

சாயங்காலம் பட்டறையில் போய்ச் சொன்னாள். "இடது பக்கம் எட்டலை."

மில்லிக்காரர் தலை நிமிரவில்லை. "எட்டாம எப்படி இருக்கும்? நீ கோணலா உட்கார்றே. வேன்ல உட்கார்ந்து உட்கார்ந்து பழக்கம் கெட்டுப்போச்சு. ரெண்டு வாரம் ஓட்டு, சரியாயிடும்."

"சீட்டையாவது கொஞ்சம் இறக்கிக் கொடுங்க."

"இறக்கினா வலது முட்டி போயிடும். சைக்கிள் சரியாத்தான் இருக்கு. இந்தா, நீயே பாரு." அட்டையை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அவள் அட்டையைப் பார்த்தாள். இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தியின் உடம்பு எண்களாக அதில் நின்றுகொண்டிருந்தது. தெருவைக் கடந்து தம்பி கடைக்குள் போனாள்.

தம்பி ஒரு மஞ்சள் ஃப்ரேமை இறக்கினான். காமாலைக்காரன் கண் மாதிரி ஒரு மஞ்சள். சக்கரம் வேறு பெட்டி, ஹேண்டில்பார் வேறு பெட்டி. அவளை ஏற்றி உட்காரவைத்து, சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மிதிக்கச் சொல்லிப் பார்த்தான். போல்ட்டைத் தளர்த்திச் சீட்டை ஏற்றினான், இறக்கினான், முன்னே தள்ளினான். பிறகு இடது பெடலின் மேல் ஒரு ரப்பர் தகட்டை வைத்து, "இப்போ?" என்றான்.

"பத்தாது."

இன்னொன்று. "இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

நாலு தகடு ஆனதும் அவள், "நிறுத்து" என்றாள். இடுப்பு அசையாமல் கால் போய் வந்தது. ஆறு வருஷமாக ஒருவரும் அவளிடம் 'இப்போ?' என்று கேட்டதில்லை. தம்பியின் தலையைத் தடவக் கையை நீட்டினாள். தம்பி அதைக் கெடுத்தான்.

"மாமா ஆறு மாசம் செய்வாரு. நான் முக்கால் மணி நேரம். அக்கா, இப்படியே கடை வாசல்ல நில்லு, ஒரு போட்டோ எடுத்து மாட்டிடறேன்."

"மாட்டு. அந்த ஆணியை உன் நாக்குலயே அடிக்கிறேன்."

தகடுகளை போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்துவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். மஞ்சள் சைக்கிள் பார்க்கச் சகிக்காது. ஒவ்வொரு குழியிலும் செயின் லொடலொடவென்று அடித்தது; ஊசிக்காரம்மா வருகிறாள் என்று தெருவே எழுந்து காபி டம்ளரை ஒளித்தது. ஐஸ் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் மறுநாள் இருபது வீடு முடித்து இறங்கியபோது முதுகு முதுகாக இருந்தது.

லேபில் ட்யூப்களை ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டு வாசலில் மஞ்சளைச் சாய்த்தபோது மணி பத்து. மில்லிக்காரர் சுவரில் ஒரு வங்கிக்காரரை நிறுத்தி அளந்துகொண்டிருந்தார். லொடலொட சத்தம் கேட்டு வெளியே வந்தார். வங்கிக்காரரும் செருப்பில்லாமல் பின்னாலேயே வந்தார். எதிர்க்கடை வாசலில் தம்பி கைகட்டி நின்றான்.

"இது என்ன கண்றாவி?" என்றார் மில்லிக்காரர்.

"சைக்கிள்."

"வீட்டுல ராணி மாதிரி ஒண்ணு நிக்குது. நீ பெட்டிக்கடைக் குப்பையில ஏறி ஊர் சுத்தறே. என்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கணும், அதானே? உன் தம்பி சொல்லிக் கொடுத்தானா?"

"அவன் சொல்லி நான் எதுவும் செய்யறதில்லை. நீங்க சொல்லியும் இனிமே இல்லை."

"ஆயிரம் பேருக்கு ஒரே அச்சுல வார்த்தது இது. இதுல உனக்குன்னு என்ன இருக்கு?"

"என் ஊசியும் பெட்டியிலதாங்க வருது. நூறு நூறா வருது, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே கிடையாது. குத்தறதுக்கு முன்னாடி நான் கையைப் பார்க்கிறேன்."

அது அவர் காதில் ஏறவில்லை. அவர் கண் அதற்குள் பெடலுக்குப் போய்விட்டது. குனிந்தார். முகம் மலர்ந்துவிட்டது. எதிரி வசமாகச் சிக்கினான் என்கிற மலர்ச்சி.

"ஐயா, இங்க வாங்க, இந்தக் கொடுமையைப் பாருங்க!" என்று வங்கிக்காரரைக் கூப்பிட்டார். "வலது பெடல் வெறுமனே இருக்கு. இடது பெடல்ல ரப்பரை அடுக்கி வெச்சிருக்கான். ரெண்டு பெடலும் சமமா இருக்கணும்கிற அறிவுகூட இல்லாதவன் கடை வெச்சிருக்கான்!" மேல்சட்டைப் பையிலிருந்து வெர்னியரை உருவினார். தகடுகளை அளந்தார். தெருவுக்குக் கேட்கிற மாதிரி படித்தார். "பன்னிரண்டு மில்லி! பன்னிரண்டு! எந்தக் கழுதைக்குடா இடது கால் பன்னிரண்டு மில்லி குட்டை?"

தம்பி வாயைத் திறந்தான். ஊசிக்காரம்மா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே விரலை விட்டு, ஆறு வருஷ வியர்வையில் கறுத்துப்போன கார்க் அட்டையை எடுத்தாள். மில்லிக்காரர் கையில் வைத்தாள்.

"இந்தக் கழுதைக்கு" என்றாள்.

மில்லிக்காரர் கை, பழக்க தோஷம், தானாகவே வெர்னியரை அதன்மேல் கவ்வ வைத்தது. எண்ணைப் பார்த்தார். இந்த முறை படிக்கவில்லை. வங்கிக்காரர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்போ?" என்றார் மில்லிக்காரர்.

"ஆறு வருஷம்."

"நீ சொல்லியிருக்கணும்."

"சொன்னேன். 'ம்'னீங்க. அப்புறம் சின்ன அரத்தை எடுன்னீங்க. ஊன்றுகோலோட போய் எடுத்துக் கொடுத்தேன்."

மில்லிக்காரர் வெர்னியரைப் பைக்குள் போட்டார். பிறகு, இருந்து இருந்து, அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அந்தப் பச்சைச் சைக்கிள் அளவு தப்பே கிடையாது."

"தப்பே கிடையாது. அந்த அட்டையில இருக்கிறவளுக்கு அது அச்சா பொருந்தும். அவளைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுத்துடுங்க." கையை நீட்டினாள். "அட்டையைக் கொடுங்க. நான் நடக்கணும்."

கொடுத்தார். அவள் அதை ஷூவுக்குள் பொருத்தி, கயிறு கட்டி, மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. வயிற்றில் ஒரு திருப்திகூட இருந்தது. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதரை நடுத்தெருவில் நிறுத்தியதில் திருப்தி வரலாமா என்று கேட்டால், வந்தது. ஆனாலும் மத்தியானம் வரை அவள் காது கீழேதான் இருந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று இருந்தது. ஏறி வந்து, "வா, சுவத்துல நில்லு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திட்டிக்கொண்டே போய் நின்றிருப்பாள்.

யாரும் ஏறி வரவில்லை. குழாய் வெட்டும் சத்தம்தான் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

மூன்று மணிக்கு அவள் கீழே இறங்கினாள். மில்லிக்காரர் எங்கோ வெளியே போயிருந்தார். பச்சைச் சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி ஃப்ரேமை மட்டும் தூக்கி மாட்டியிருந்தார். கரும்பலகையில் புதிய ஃப்ரேம் ஒன்றின் வரைபடம் பாதி வரைந்திருந்தது. வேலை மேஜையில் அவளுடைய அட்டை. இடது கால் என்கிற இடத்தில் பழைய எழுநூற்று அறுபத்திரண்டை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் கூர்மையான பென்சிலால், அச்சடித்தாற்போல், புதிய எண் எழுதியிருந்தார். எழுநூற்று ஐம்பது.

அவள் மனக்கணக்குப் போட்டாள். அறுபத்திரண்டில் பன்னிரண்டைக் கழித்திருக்கிறார். மேஜையிலிருந்து சுவர் பத்தடி. மாடிக்குப் பதினான்கு படி. அவர் உட்கார்ந்த இடத்திலேயே கழித்தல் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். கழிக்க வேண்டியது பதினெட்டு; கால் இன்னும் ஆறு மில்லி குட்டை. அதை டாக்டரிடம் நின்று கேட்டவன் எதிர்க்கடையில் இருக்கிறான். காலை வைத்திருக்கிறவள் இங்கே நிற்கிறாள்.

பென்சில் அட்டையின் மேலேயே கிடந்தது. எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதைக் கிடந்த இடத்திலேயே, கிடந்த மாதிரியே வைத்தாள். அலமாரியிலிருந்து அவருடைய எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மஞ்சள் சைக்கிளின் செயினுக்கு ஒவ்வொரு கண்ணியாக எண்ணெய் விடத் தொடங்கினாள்.